புது கம்ப்யூட்டரில் கீபோர்டு, மவுஸ் எடுக்கவில்லையா? வேறு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கோவையில் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டுகிறவர்கள், கடையில் அசெம்பிள் செய்து மேட்டுப்பாளையம் வழியாக மேலே கொண்டு வருகிறவர்கள் என்று குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அண்ணா, ஃபேன் ஓடுது, லைட் எரியுது, கீபோர்டு மட்டும் எடுக்கல. வேற ஒண்ணு ஆர்டர் போட்டுரட்டுமா?"

போடாதீர்கள். புது மெஷினில் கீபோர்டே பழுதாக இருப்பது அபூர்வம். செருகிய இடம், உள்ளே மாட்டிய கேபிள், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரல்) ஒரு செட்டிங் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உங்கள் மெஷின் காட்டும் அறிகுறியைக் கீழே தேடி, நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## கையில் எடுத்து வைக்க வேண்டியவை

சாதாரண வயர் கீபோர்டு ஒன்று, வயர் மவுஸ் ஒன்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் சரி. வண்ண விளக்கு போட்ட கேமிங் கீபோர்டையும் வயர்லெஸ் செட்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

அடுத்தது, போனில் மாட்டும் ஓ.டி.ஜி. அடாப்டர். சந்தேகப்படும் கீபோர்டை இதன் வழியாக ஆண்ட்ராய்டு போனில் செருகி, மெசேஜ் பெட்டியைத் திறந்து நான்கு எழுத்து தட்டுங்கள். எழுத்து விழுந்தால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. மவுஸைச் செருகினால் போன் திரையில் அம்புக்குறி வரும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கீபோர்டை மாற்றிவர மலை இறங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: இரண்டையும் கேபினட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். அதிலும் யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டாகப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே கறுப்பு நாக்கு இருக்கும். நீலம் என்றால் 3.0. நிறத்தில் எல்லாக் கம்பெனியும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை, அதனால் குழப்பமாக இருந்தால் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'பயாஸ்' என்று எழுதியிருக்கும் போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மற்ற நேரத்தில் அதுவும் சாதாரண போர்ட்தான். ஹப், எக்ஸ்டென்ஷன், மானிட்டரில் இருக்கும் போர்ட் எதுவும் இப்போது வேண்டாம்.

கேபினட்டைத் திறப்பதாக இருந்தால் ஷட்டவுன் செய்து, எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலத்துக் காற்று வறண்டிருக்கும், கம்பளி ஸ்வெட்டரில் நிலைமின்சாரம் ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பெயின்ட் இல்லாத கேபினட் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

## பின்பக்கம் ஓடுகிறது, முன்பக்கம் ஓடவில்லை

என்னிடம் வருவதில் முதலிடம் இதற்குத்தான். கீபோர்டு நன்று, மதர்போர்டும் நன்று. முன் பேனலிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கேபிள்தான் விஷயம்.

முதலில் அது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சரியாகவே மாட்டியிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததில் அரைகுறையாகக் கழன்று நிற்கும். பக்கக் கதவைத் திறந்து கனெக்டரை நேராக அழுத்தினாலே பாதி கேஸ் முடிந்துவிடும்.

மாட்டியிருந்தும் எடுக்கவில்லை என்றால், இடம் மாறியிருக்கலாம். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்கள் நிற்கும், ஒரு வரிசையில் ஐந்து, மற்றதில் நான்கு. கேபிள் மாட்டும் இந்தப் பின் தொகுதிக்குத்தான் ஹெடர் என்று பெயர். யூ.எஸ்.பி. 2.0 ஹெடர் என்றால் காலியான இடம் வரிசையின் மூலையில் இருக்கும். அதே அளவில், அதே ஒன்பது பின்னோடு முன்பக்க ஆடியோ ஹெடரும் அங்கேயே இருக்கும். அதில் காலியான இடம் மூலைக்கு ஒன்று உள்ளே. கேபிளின் கனெக்டரிலும் அந்தந்த இடத்துத் துளை அடைத்திருக்கும். எனவே சரியான இடத்தில் சுலபமாக இறங்கும். இறங்க மறுத்தால் அது வேறு ஹெடர், அல்லது திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். பலம் கொடுத்து அமுக்கினால் 5 வோல்ட் கம்பி போகக் கூடாத இடத்துக்குப் போகும். அப்புறம் போர்ட் மட்டுமல்ல, அதில் செருகிய பொருளும் போய்விடும்.

நீல போர்ட்டுக்கு வேறு கேபிள், பத்தொன்பது பின் கொண்ட பெரிய கனெக்டர். இதில்தான் அடிக்கடி பின் வளைகிறது. கேபிள் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும், இறுக்கமான கேபினட்டில் கோணலாகத் தள்ளுவார்கள், ஓரத்துப் பின் படுத்துவிடும். இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: முன்பக்க நீல போர்ட்டில் 3.0 பென்டிரைவ் எடுக்கிறது, மவுஸ் மட்டும் எடுக்கவில்லை. 3.0 போர்ட்டுக்குள் பழைய 2.0 கம்பிகளும் வேகமான 3.0 கம்பிகளும் தனித்தனியாக ஓடுகின்றன. கீபோர்டும் மவுஸும் பழைய கம்பிகளை மட்டுமே பயன்படுத்தும். ஆகவே அந்தப் பக்கத்துப் பின்தான் வளைந்திருக்கிறது.

கழற்றும்போது நேராக மேலே இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் மதர்போர்டிலிருக்கும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து கையோடு வந்துவிடும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் சாய்ந்து தெரியும். உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துவிட்ட மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அந்தப் பின் மேல் இறக்கி மெதுவாக நிமிர்த்தலாம். ஒருமுறை நிமிர்த்தினால் தாங்கும். அதையே மறுபடி மறுபடி வளைத்தால் உடைந்துவிடும்.

உடைந்தே போயிற்றா? பின்பக்க போர்ட்களை வைத்து ஓட்டலாம், ஒன்றும் குறைந்துவிடாது. முன்பக்கம் கட்டாயம் வேண்டுமென்றால், பத்தொன்பது பின் ஹெடரோடு வரும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று போடலாம், மதர்போர்டு மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. வளைந்த பின்னோடு வாரன்டிக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் 'பிசிக்கல் டேமேஜ்' என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

## எங்கே செருகினாலும் உயிர் இல்லை, திரையும் கறுப்பு

இதைக் கீபோர்டு பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். போர்டு இன்னும் விழிக்கவில்லை.

கீபோர்டில் விளக்கு எரிவதை மட்டும் நம்பக் கூடாது. பல மதர்போர்டுகள் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் யூ.எஸ்.பி. போர்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும். நம் லாக் (Num Lock) கீயைத் தட்டிப் பாருங்கள்.

நம் லாக் விளக்கு அணைந்து எரிகிறது: போர்டு ஓடுகிறது, கீபோர்டோடு பேசவும் செய்கிறது. கோளாறு திரைப் பக்கம். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. கார்டு இல்லையென்றால் உங்கள் பிராசஸரில் கிராபிக்ஸ் உண்டா என்று பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவற்றுக்கும் கிடையாது.

நம் லாக் அசையவில்லை: டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புது மெஷின் என்றால் முதலில் பொறுமை. முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு, கீபோர்டு ஊமை. இடையில் பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் அசையவில்லை என்றால், ரேமைக் கழற்றி 'க்ளிக்' கேட்கும்வரை மாட்டுங்கள். பிராசஸர் பக்கத்தில் மாட்டும் எட்டு பின் பவர் கேபிள் இருக்கிறதா பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான். இருபத்து நான்கு பின் கேபிளையும் ஒருமுறை அழுத்துங்கள். பல போர்டுகளின் ஓரத்தில் சி.பி.யூ. (பிராசஸர்), டி.ரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது நின்று எரிகிறதோ அங்கேதான் சிக்கல். சி.பி.யூ. விளக்கு நின்றுவிட்டால் நீங்களாக பிராசஸரைக் கழற்ற வேண்டாம். சாக்கெட் பின் வளைந்தால் மதர்போர்டு செலவு. ஆள் கூப்பிடுங்கள்.

## 'ஓவர் கரண்ட்' என்று எழுதி 15 நொடியில் அணைகிறது

ஆன் செய்ததும், யூ.எஸ்.பி.யில் ஓவர் கரண்ட் என்றும் போர்டைக் காப்பாற்ற 15 நொடியில் அணைக்கப்போவதாகவும் எச்சரிக்கை வந்து, சொன்னபடியே அணைந்துவிடும். எங்கோ 5 வோல்ட் ஷார்ட் ஆகிறது.

பவரைப் பிடுங்கிவிட்டு எல்லா யூ.எஸ்.பி. பொருளையும் கழற்றுங்கள். முன் பேனல் கேபிள் இரண்டையும் மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது அணையவில்லையா? அப்படியானால் கழற்றியதில் ஏதோ ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிக் கண்டுபிடியுங்கள். முன்பக்க போர்ட்டின் உள்நாக்கு உடைந்து அதன் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாம் கழற்றியும் அணைகிறதா? பின் போர்ட்களுக்குள் டார்ச் அடியுங்கள். கேபினட்டோடு மாட்டும் ஐ.ஓ. தகட்டின் வளைந்த நாக்கு ஒன்று போர்ட்டுக்குள் நுழைந்திருக்கலாம். மதர்போர்டை வெளியே எடுத்துத் திரும்ப மாட்டினால் சரியாகும். அதுவும் இல்லையென்றால் போர்டு சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான். கருகிய வாசனை வந்தாலோ போர்ட் கைக்குச் சுட்டாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், அப்படியே நிறுத்துங்கள்.

## விண்டோஸில் ஓடுகிறது, பயாஸுக்குள் போக முடியவில்லை

டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அது கண்டுகொள்ளாமல் விண்டோஸுக்குப் போய்விடுகிறது.

புளூடூத் கீபோர்டா? பயாஸில் எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயர் கீபோர்டை மாட்டுங்கள். வயர் கீபோர்டில் எஃப்2 அழுத்துகிறீர்கள் என்றால், சில கீபோர்டுகளில் எஃப் கீக்கள் சத்தம் கூட்டுவது, பாட்டு நிறுத்துவது போன்ற வேலைக்குத்தான் முதலில் போகும். எஃப்.என். கீயோடு சேர்த்து அழுத்துங்கள், அல்லது டெலிட் கீயையே பயன்படுத்துங்கள். சில கேமிங் கீபோர்டுகளில் பயாஸுக்கென்றே தனி மோட் உண்டு, அதன் அட்டைப்பெட்டிக் கையேட்டில் இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஃபாஸ்ட் பூட். நேரத்தை மிச்சம் பிடிக்க பயாஸ் யூ.எஸ்.பி.யை எழுப்பாமலே விண்டோஸிடம் விட்டுவிடுகிறது. தட்டித் தட்டி விரலை வலிக்கவைக்க வேண்டியதில்லை. விண்டோஸில் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், யூ.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் நேராக பயாஸ். அங்கே ஃபாஸ்ட் பூட்டை அணையுங்கள், லெகசி யூ.எஸ்.பி. சப்போர்ட்டை எனேபிள் செய்யுங்கள்.

விண்டோஸே இன்னும் போடவில்லை, பயாஸும் திறக்கவில்லை என்றால் சிமாஸ் கிளியர். பவரைப் பிடுங்கிவிட்டு, கையேட்டில் காட்டிய இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி சேர்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது வட்டமான சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்ட வேண்டும். எல்லா செட்டிங்கும் ஆரம்பநிலைக்குப் போகும். தேதி, நேரம், ரேம் வேகம் ஆகியவற்றைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.

## பயாஸில் ஓடுகிறது, விண்டோஸ் போடும்போது செத்துவிடுகிறது

உடனே ஒரு கேள்வி: போடுவது விண்டோஸ் 7-ஆ?

'எதற்கு இன்னும் 7?' என்று கேட்கத் தோன்றும். பழைய கணக்கு சாஃப்ட்வேர், தேயிலை எடை போடும் பழைய நிரல், பழைய பிரின்டர் என்று ஏதாவது ஒன்றுக்காக எஸ்டேட் ஆபீஸ்களிலும் சின்னக் கடைகளிலும் இன்னும் கேட்கிறார்கள். அந்த விண்டோஸுக்குள் யூ.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது. இன்டெல் 2015-இல் 100 வரிசை சிப்செட் கொண்டுவந்தபோது யூ.எஸ்.பி.யை இயக்கும் பழைய வகைக் கன்ட்ரோலரை எடுத்துவிட்டது. அதனால் பின்பக்கம் கறுப்பு போர்ட்டில் செருகினாலும் பயன் இல்லை, உள்ளே எல்லாம் ஒரே கன்ட்ரோலர். ரைசனிலும் இதே கதைதான்.

மதர்போர்டில் வட்டமான பி.எஸ்.2 போர்ட் இருக்கிறதா பாருங்கள். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு, இரண்டும் பாதிப் பாதியாக இருந்தால் ஏதாவது ஒன்று போடலாம். பழைய பி.எஸ்.2 கீபோர்டு ஒன்று மாட்டினால் இன்ஸ்டால் முடியும்வரை ஓட்டலாம், அப்புறம் டிரைவரைப் போடலாம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதுதான் செருக வேண்டும், ஓடும்போது செருகினால் எடுக்காது. யூ.எஸ்.பி. கீபோர்டின் முனையில் மாட்டும் சின்னக் கன்வெர்ட்டரை நம்பி வாங்காதீர்கள். பி.எஸ்.2 முறையும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது வேலை செய்யும், இன்றைய கீபோர்டுகளில் பலவற்றுக்குத் தெரியாது.

என் யோசனை: விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. புது மெஷினில் 11-ஐப் போட்டு, அந்தப் பழைய நிரலைப் பழைய கம்ப்யூட்டரிலேயே விட்டுவையுங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 போடும்போது இப்படி ஆனால், பென்டிரைவை வேறு போர்ட்டுக்கு மாற்றி, பயாஸில் எக்ஸ்.எச்.சி.ஐ. ஹேண்ட்ஆஃப் என்பதை எனேபிள் செய்து பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஸ்டால் பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரில் புதிதாக உருவாக்குங்கள்.

## வயர்லெஸ் மவுஸ் இழுக்கிறது, எழுத்து விட்டுப்போகிறது

சுத்தமாகவே எடுக்கவில்லை என்றால் சின்ன விஷயங்கள் முதலில். அடியில் இருக்கும் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? பேட்டரி நடுவே பிளாஸ்டிக் தாள் உருவப்படாமல் இருக்கிறதா? டாங்கிள் (போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) எங்கே? அது பல மவுஸில் பேட்டரி மூடிக்குள்ளேயே செருகியிருக்கும். டப்பாவில் டாங்கிள் வரவில்லை என்று சண்டைக்குப் போன ஒருவருக்கு மூடியைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

எடுக்கிறது, ஆனால் இழுக்கிறது என்றால் டாங்கிள் இருக்கும் இடம். யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், டாங்கிளும் பேசுவது அதே அலைவரிசையில். இன்டெலே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நீல போர்ட்டில் ஹார்டு டிஸ்க், ஒட்டினாற்போல் டாங்கிள், நடுவே தகர கேபினட். மவுஸ் தடுமாறத்தான் செய்யும். டாங்கிளைக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றுங்கள். போதாவிட்டால் ஒரு முழ யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேசை மேல் கொண்டுவாருங்கள். இதுவரை இது சரிசெய்யாத மவுஸை நான் பார்த்தது மிகக் குறைவு. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

டிசம்பர், ஜனவரி காலையில் மட்டும் இழுத்து, மதியம் சரியாகிவிட்டால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். குளிரில் சாதா அல்கலைன் செல்லின் திறன் குறையும். ஏற்கெனவே பாதி தீர்ந்த செல் காலைக் குளிரில் படுத்துக்கொள்ளும்.

புளூடூத் என்றால் மதர்போர்டோடு வந்த ஆன்டெனாவைப் பின்னால் திருகியிருக்கிறீர்களா? வைஃபைக்கு மட்டும் என்று நினைத்து டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். புளூடூத்துக்கும் அதுதான்.

## நன்றாக ஓடி, திடீரென்று நின்று, தானாக வருகிறது

சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது நிற்கிறதா, வேலையின் நடுவே நிற்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

சும்மா விட்டபின் என்றால் பவர் மிச்சப்படுத்தும் செட்டிங். பவர் ஆப்ஷனில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் 'இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுங்கள்.

வேலையின் நடுவே என்றால் மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள். ஏ.எம்.டி. 500 வரிசை சிப்செட் போர்டு, அதுவும் கடையில் ரொம்ப நாள் கிடந்த ஸ்டாக் என்றால், பயாஸ் பதிப்பைப் பாருங்கள். யூ.எஸ்.பி. அறுந்து அறுந்து வரும் கோளாறு அதில் இருந்தது, 2021-இல் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் தீர்ந்தது. ஆனால் யூ.பி.எஸ். இல்லாமல் பயாஸ் அப்டேட் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் எந்த மரம் எந்த லைன் மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போகலாம்.

## கேபினட்டைத் தொட்டால் 'சுருக்'கென்கிறது, மவுஸும் துள்ளுகிறது

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினட் உலோகத்தோடு இணைந்தவை. எர்த் வயர் இருந்தால் கசிவு அதில் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும், டெஸ்டர் வைத்தால் மினுங்கும். மின்னோட்டம் மிகச் சிறிதுதான், ஆனாலும் யூ.எஸ்.பி. பொருள்கள் கிறுக்குத்தனம் செய்ய அது போதும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறீர்களா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா? இரண்டும் சரி, ஆனாலும் சுருக்கென்றால் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் போட்ட எர்த் வெயில் காலத்தில் காய்ந்து பிடிப்பு விட்டுவிடும். பழைய லைன் வீடுகளில் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். இதில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

## அம்புக்குறி மட்டும் நகரவில்லை

மவுஸ் பட்டன் அமுக்கினால் வேலை செய்கிறது, நகர்த்தினால் நகரவில்லை. கண்ணாடி மேசையா? பளபளக்கும் சன்மைக்காவா? கீழே ஒரு காகிதம் வையுங்கள். நகர்ந்துவிட்டால் பேட் வாங்கினால் போதும்.

மஞ்சு இறங்கும் நாளில், ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்த பெட்டியை உள்ளே கொண்டுவந்து உடனே பிரித்தால் சென்சார் லென்ஸில் நீர்ப்படலம் பிடிக்கும். மவுஸைத் திருப்பி விளக்கில் காட்டினால் மங்கலாகத் தெரியும். காய்ந்த துணிமுனையால் துடைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். இதே காரணத்துக்காக மதர்போர்டு பெட்டியையும் வந்ததும் பிரித்து ஆன் செய்யாதீர்கள், மூடியபடியே சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை என்பதால் மவுஸ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், பல மவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான்.

## ஒன்றைத் தட்டினால் வேறொன்று விழுகிறது

இதில் எதற்கும் ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

ஆங்கிலம் தட்டினால் தமிழ் விழுகிறது, பாஸ்வேர்டு ஏற்கவில்லை: தமிழ்99 அல்லது வேறு தமிழ் விசைப்பலகையில் நிற்கிறீர்கள். விண்டோஸ் கீ, ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டி மாற்றுங்கள்.

மின்னஞ்சலில் போடும் @ குறியைத் தட்டினால் இரட்டை மேற்கோள் குறி விழுகிறது: இன்ஸ்டால் செய்யும்போது பிரிட்டன் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். நம் ஊர் கீபோர்டுகள் அமெரிக்க அமைப்பு. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் மாற்றுங்கள்.

அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது: வலது ஷிஃப்ட்டை 8 நொடி அழுத்திவிட்டீர்கள், ஃபில்டர் கீஸ் ஆன் ஆகிவிட்டது. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டும் தினமும் நடக்கும். ஆக்சஸிபிலிட்டி செட்டிங்கில் இந்த ஷார்ட்கட்களையே அணைத்துவிடுங்கள். விண்டோஸ் கீ மட்டும் எடுக்கவில்லை என்றால் எஃப்.என். கீயோடு அதைத் தட்டுங்கள், கேமிங் லாக் விழுந்திருக்கும்.

## கீழே கொண்டுபோக வேண்டி வந்தால்

சர்வீஸ் சென்டர் கோவையில்தான் என்று ஆகிவிட்டால், போகும் முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக அதன் டப்பாவில் வையுங்கள். கனமான கார்டு வளைவுக்கு வளைவு ஆடி ஸ்லாட்டையே உடைக்கும். கேபினட்டை மதர்போர்டு அடியில் இருக்க, பாகங்கள் மேலே பார்க்கும்படி படுக்கவைத்துக் கொண்டு போங்கள். மதர்போர்டு மட்டும்தான் போகிறது என்றால் பிராசஸர் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பல இடத்தில் வாங்கவே மாட்டார்கள். பில்லோடு ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: எந்த போர்ட்டில் எடுக்கிறது, எதில் எடுக்கவில்லை, பயாஸிலா விண்டோஸிலா, நம் லாக் விளக்கு அசைகிறதா இல்லையா.